வாயில் வைக்காமல் கொடுத்த காளான்

புரட்டாசி 15, புதன்

விடிந்ததிலிருந்து இடி. மழை கொஞ்சம், சத்தம் நிறைய, என் கொழுந்தனாரைப் போல. மிளகுக் கொடிகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். குச்சிக்கிழங்குக் காட்டு ஓரத்துப் புற்றில் காளான் முளைத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று, ஏராளமாக.

என்ன பிரயோசனம். இந்த மாதம் முழுக்க வீட்டில் கவுச்சி இல்லை. எங்களுக்குக் காளானும் கவுச்சிதான். பறித்த வீடு ஆக்கித் தின்று, ஒரு ராத்திரி கழிந்த பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது இங்கே வழக்கம். அதனால் புரட்டாசிக் காளானை யாரும் பறிப்பதில்லை. மண்ணோடு போகும்.

மத்தியானம் தம்பி சேகர் போன். பெங்களூரில் ஜப்பான் நூடுல்ஸ் கடையில் இருக்கிறான். ராமென் என்று பெயர், அது மட்டும்தான் அங்கே. சேர்ந்த நாளிலிருந்து வெங்காயத்தாள் நறுக்குகிறான்.

"அக்கா, ஓனரம்மாகிட்ட நம்ம புத்துக் காளானப் பத்திச் சொல்லிட்டேன். கொண்டாரச் சொல்றாங்க. புடிச்சுப்போச்சுன்னா என்னைய அடுப்புக்கு விடுவாங்க."

"புரட்டாசிடா."

"உனக்குத்தான் புரட்டாசி. பெங்களூருக்கு இல்லியே."

சிரித்துவிட்டேன். கொண்டு வருகிறேன் என்றேன்.

சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும். மறுபடியும் மறந்தாயிற்று.

புரட்டாசி 16, வியாழன்

காளான் பறித்தோம். நானும் பக்கத்து வீட்டு ராசாத்தியும். முள்ளுக்குறிச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த பெண். மலைக்கு இன்னும் புதுசு. கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் வருவாள். நான் புற்றுப் பக்கம், அவள் ஓடைப் பக்கம். தம்பி சொன்னபடி காம்பை ஒட்ட நறுக்கி, மண் இல்லாமல் எடுக்கச் சொன்னேன். கடைக்காரர்களுக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

புற்றுக் காளானைப் பிடுங்கினால் அடியில் நீளமாக வேர் வரும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கூடையில் போடுவது. ராசாத்தி கொண்டு வந்ததில் வேரும் இல்லை, காம்பும் இல்லை, குடை மட்டும். நான்தானே அப்படிக் கேட்டேன். இரண்டையும் ஒரே கூடையில் கொட்டி, வாழை இலை போட்டு மூடினேன்.

வீட்டுக்காரர் மாட்டைக் கட்டிவிட்டு வந்து கூடையைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, வாயில வெக்காம குடுக்கறதா?"

"ஐப்பசி பொறக்கற வரைக்கும் காளான் காத்துக்கிட்டு இருக்குமாக்கும்?"

திரும்பப் போய் மாட்டிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் மேல் கோபம் வந்தால் மாட்டுக்குத்தான் யோகம்.

கூடை வாயைத் துணி போட்டுத் தைக்கும்போது மனம் ஒரு மாதிரியாக இருந்தது. காரணம் தெரியவில்லை என்று எழுதினால் பொய்.

புரட்டாசி 17, வெள்ளி. பெங்களூர்

சோளக்காடு ஸ்டாப்பில் முதல் பஸ். கொண்டை ஊசி வளைவு முழுக்கப் பின் சீட்டுப் பெண் வாந்தி. கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். சேலத்தில் மாறி, வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கால் வீக்கம்.

கடை வாசலில் நீலத் துணி பாதி உயரத்துக்குத் தொங்குகிறது. தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். நுழைந்ததும் உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். சண்டை என்று பயந்து கூடையை இறுக்கிப் பிடித்தேன். வரவேற்பாம்.

நீளமாக ஒரே பலகை. எல்லாரும் அடுப்பைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பன்றி எலும்பை ராப்பகலாக வேகவைத்த சாறு ஒரு அண்டாவில், பால் போல வெள்ளையாகக் கொதிக்கிறது. அந்த வாடையில் என் விரதம் பாதி போயிருக்கும். பக்கத்தில் இரண்டு பெண்கள்:

"போன தடவை முட்டை இன்னும் இளசா இருந்துச்சுல்ல?"

"நீ போட்டோ எடு, ஆறிடப் போவுது."

தம்பி காளானை நறுக்கி, வதக்கி, பன்றி இல்லாத சாற்றில் போட்டுக் கொதிக்கவிட்டான். தலையில் துணி கட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு. சின்ன வயதில் கணக்குப் போடும்போது இருக்கும் அதே முகம். பெருமையாக இருந்தது. எனக்கு வெளியே சொல்ல வராது, அதனால் இங்கே.

ஓனரம்மா முகர்ந்து பார்த்து, "வாசனை நல்லா இருக்கு" என்றார். பல் பிடுங்கிய வாய், சாப்பிட முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை ஸ்பெஷலா போடலாம்" என்றார். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கிண்ணத்தை என் முன்னால் வைத்தான். பெரிய கிண்ணம், குழந்தையைக் குளிப்பாட்டலாம். நூடுல்ஸ் மேல் காளான் அடுக்கியிருந்தது. நான் பையிலிருந்து புளிச்சோற்றை எடுத்தேன். அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அக்கா, ஒரே ஒரு வாய்."

"மாசம் முடியட்டும் கண்ணு."

"அப்ப நானே திங்கறேன். சத்தமா உறிஞ்சணும்க்கா, அதுதான் இதுக்கு மரியாதை."

உறிஞ்சினான். கடைசிச் சொட்டு வரைக்கும். எங்கள் காளானுக்கு நடுவில் கூம்பு இருக்கும். அவன் வாய்க்குப் போன ஒன்றிரண்டு துண்டுகளில் அது இல்லை. விரிந்து தட்டையாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

புரட்டாசி 18, சனி

தம்பிக்கு விடியுமுன்னே வாந்தி. பிறகு பேதி, தண்ணீராக. அவன் அறையில் ஒரே ஒரு வாளி, அதையே கழுவிக் கழுவி வைத்தேன். முகம் சுருங்கிப்போய்விட்டது. ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரி.

டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பிட்டான் என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி என் கையைப் பிடித்து நசுக்கினான்.

"முட்டைங்க, டாக்டர். நேத்து கடையில பாதி வெந்த முட்டை."

டாக்டர் அந்தப் பக்கம் போனதும், "காளான்னு சொல்லிப்போடாதக்கா. கடை பேரு கெட்டுரும். நாளைக்குத்தான் அடுப்புல நிக்கப்போறேன்."

சொல்லவில்லை. நான் ஒரு முட்டாள். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இல்லை என்று சொல்ல வருவதில்லை, தூக்கி வளர்த்த நாளிலிருந்து.

குளுக்கோஸ் ஏறுகிறது. பக்கத்துக் கட்டில் ஆள் யாரிடமோ போனில்: "ஒண்ணுமில்ல, வயித்துல கேஸ்தான், கேஸ்தான்." நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மலையில் மழையாக இருக்கும், டவர் இருக்காது.

புரட்டாசி 19, ஞாயிறு

வாந்தி நின்றுவிட்டது. இரண்டு இட்லி கேட்டுத் தின்றான். சிரித்தான். நேற்றுச் செத்துக் கிடந்தவனா இவன்! தானாகவே போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போய்விட்டான். என்னை அறையில் படுத்துத் தூங்கச் சொன்னான்.

தூக்கம் எங்கே வரும். ராசாத்திக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, ஓடைப் பக்கம் எந்தப் புத்துல எடுத்த?"

"புத்துல இல்லீங்க அக்கா. மரத்தடியில, சருகுக்குள்ள இருந்துச்சுங்க. வெள்ளையா, அழகா."

"உனக்கு அது என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. நீங்கதான் ஆக்கித் தின்னு பாத்துட்டுக் குடுப்பீங்களே. ஆகாததா இருந்தா அப்பவே எடுத்துப் போட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

"புரட்டாசியில நாங்க காளான் திங்க மாட்டோம்னு தெரியாதா?"

"எங்கூர்ல காளான் கவுச்சி இல்லீங்களேக்கா."

அவளைத் திட்டவில்லை. அவள் எங்கள் வழக்கத்தை நம்பியிருக்கிறாள். நான்தான் அதைத் தாண்டியவள்.

அவருக்கு மறுபடியும் போட்டேன், கிடைத்தார். எல்லாம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினார்.

"வாந்தி நின்னதை நம்பாத புள்ள. அந்தக் காலத்துல மேக்காட்டுல ஒருத்தன் இப்பிடித்தான் எந்திரிச்சு, சோறு தின்னு, காட்டுக்கும் போனான். அதுக்கப்பறம்தான் படுத்தான், எந்திரிக்கவே இல்ல. நீ மொதல்ல கடைக்கு ஓடு. வேற யாரு வாய்க்கும் போயிரக் கூடாது. அப்பறம் அவன ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போ."

ஓடினேன். வழி சரியாகத் தெரியவில்லை. இரண்டு தெரு தப்பிப் போய்த் திரும்பினேன். நீலத் துணிக்கு வெளியே ஆட்கள் காத்து நிற்கிறார்கள். வாசல் பலகையில் காளான் படம் வரைந்திருக்கிறது. உள்ளே தம்பி அடுப்பின் முன்னால், துணி கட்டிய தலையோடு. கரண்டி அவன் கையில். ஓனரம்மா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். முதல் வரிசைக்குக் கிண்ணங்கள் எடுத்து வைத்தாகிவிட்டது, சாறு இன்னும் ஊற்றவில்லை.

நான் யாரிடமும் கேட்கவில்லை. காளான் சாற்றுப் பானையைப் பிடித்துத் தொட்டியில் கவிழ்த்தேன். கை வெந்துவிட்டது. மிச்சக் காளானையும் கூடையோடு குப்பையில் போட்டேன். "இது விஷம், யாருக்கும் குடுக்காதீங்க" என்று கத்தினேன். ஓனரம்மா என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போய்ப் பலகையைத் திருப்பி வைத்தார்.

தம்பி தலைத் துணியை அவிழ்த்தான்.

"நான் நல்லாத்தான இருக்கறேன்? பாரு, நல்லாத்தான இருக்கறேன்?"

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "என் பொழப்பக் கவுத்துட்டே" என்றான். அதோடு பேச்சில்லை.

புரட்டாசி 20, திங்கள்

மழை இல்லை, வெயில். சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தான். கஞ்சி வைத்தேன், தொடவில்லை. பசியில்லை என்றுகூட வாய் திறந்து சொல்லவில்லை, கையை ஆட்டினான். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கோபமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருக்கட்டும், ஆனால் இருக்கட்டும்.

ஓனரம்மா போன் செய்தார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். "பெரிய ஆஸ்பத்திரில சொல்லி வெச்சிருக்கேன், அவன் வரமாட்டேன்னாலும் கூட்டிட்டு வாங்க, கார் அனுப்பறேன்" என்றார்.

ஒருவழியாக எழுந்து முகம் கழுவப் போனான். துண்டால் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்து நின்றான். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் முழுக்க மஞ்சள்.

"என்னக்கா, அப்பிடிப் பாக்கற?"

நேற்றிலிருந்து முதல் வார்த்தை.

"ஒண்ணுமில்ல சாமி. சட்டையப் போடு."

கார் வந்து கீழே ஹாரன் அடிக்கிறது. பொத்தான் போடத் தெரியாதவன் போல நிற்கிறான். நான்தான் போட்டுவிட வேண்டும்.