கோர்க்கமுக்காக நான் போட்ட சண்டை

17 பிப்ரவரி 1972

காலை ரயிலில் பேப்பரைப் பிரித்ததும் ஒரே குஷி. நம் ஃபுட்பால் அணி (இந்த நாட்டு ஃபுட்பால், பந்தைக் கையால் எறிந்து ஆடுவது) புதுப் பையன்களை எடுக்கும் இந்த வருஷத் தேர்வில் முதல் ஆளாக டேரில் கோர்க்கம் என்ற பையனை எடுத்திருக்கிறது. கிழக்குக் கடலோரத்து நோவா ஸ்கோஷியாக்காரன். ஆறடி ஐந்தங்குலம். ஈட்டி எறிவான், தடை தாண்டி ஓடுவான். ஃபுட்பால் ஆடியது ஒரே வருஷம். எதிரணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை, அவன் எறிவதற்குள் பாய்ந்து பிடித்துத் தள்ளுகிற வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். போட்டோவில் கை முழங்காலைத் தொடுகிறது. வீட்டுப் பக்கம் ரொக்ஸ்பரோவில் ஏறி, ரயில் மலைக்கடியில் சுரங்கத்துக்குள் நுழையும்வரை அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் நாகசுப்பிரமணியன் போன். அடுத்த தெருதான், ஆனாலும் போன் செய்வார். சென்ட்-ஆன் வேளாண் வளாகத்தில் பேராசிரியர் என்பதால் வகுப்பெடுக்கிற குரல்.

“பாத்தியா மணி? ஒரு வருஷம் ஆடினவனுக்கு முதல் இடம்! மார்க் இல்லாதவனுக்கு இன்ஜினியரிங் சீட்டு குடுத்த கதையான்னா இருக்கு. ஊர்லதான் அந்தக் கூத்துன்னா, இங்கேயுமா?”

“அவன் ஓடற வேகத்தைப் பாருங்க நாகு” என்றேன். போனை வைத்த பிறகுதான் காது சுட்டது.

18 பிப்ரவரி

ஊரில் எந்தக் கூத்து? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

12 மார்ச்

டாக்டர் பாலகிருஷ்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆட்டோஸ்டேட் மைதானத்தில் எங்கள் மூவருக்கும் அடுத்தடுத்த இருக்கை, நாலு வருஷமாக. கிரிக்கெட்டைத் தவிர வேறு தெரியாமல் வந்தவர்கள்தான் மூவரும். திங்கட்கிழமை காலையில் ஃபுட்பால் பேசத் தெரியாவிட்டால் இங்கே ஒருவரும் நம்மிடம் பேசுவதில்லை என்பதால் கற்றுக்கொண்டோம். நாகு மட்டும் விதிப்புத்தகத்தை வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடு போட்டுப் படித்தார்.

ரசம் சாதம் வரை கோர்க்கம்தான். “திறமைன்னா செஞ்சு காட்டறது. ‘வரும், வரும்’னு சொல்லி இடம் குடுக்கறதுக்குப் பேர் தானம்” என்றார் நாகு. “இன்னும் பேஷன்ட் அட்மிட்டே ஆகலை. அதுக்குள்ள டெத் சர்டிபிகேட்டா?” என்றார் பாலகிருஷ்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதை எனக்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். 1953-இல் நான் இன்ஜினியரிங்கில் சேர்ந்தது பேக்வேர்ட் கிளாஸ் சீட்டில். எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவன் நான். முதல் வருஷம் கணக்கில் ஃபெயில். கடைசி வருஷம் ஃபர்ஸ்ட் கிளாஸ். இன்று லொங்குய் தொழிற்சாலையில் நான் வரைகிற டர்பைன் பிளேடு நிஜ விமானத்தில் சுற்றுகிறது. வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பிறகு ஏன் நாகுவிடம் சொல்லவில்லை? சொன்னால் நாளையிலிருந்து அந்த பிளேடை அவர் வேறு கண்ணால் பார்ப்பார். அதற்குத்தான் பயம்.

சாதாரண ஆளாக இருந்தால் போய்யா என்று விட்டிருப்பேன். போன வருஷப் பனிப்புயலில் ஊரே முடங்கிக் கிடந்தபோது, என் மனைவி அனுசூயாவுக்குக் குடல்வால் வலி. எங்கிருந்தோ ஒரு ஸ்னோமொபீல்காரனைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது நாகு. குளிரில் அவர் மூக்கு நுனி கறுத்துப்போய், அவர் மனைவி ரமா ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இந்தப் புத்தி?

9 ஆகஸ்ட்

கோர்க்கம் இன்றுதான் முதல் தடவை உள்ளூரில் இறங்கினான். என்ன வேகம்! தடுக்க வந்தவன் கை நீட்டுவதற்குள் சுற்றிக்கொண்டு போய்விட்டான். போனவன் குவார்ட்டர்பேக்கையும் தாண்டிப் போய்விட்டான். பிரேக் இல்லாத பஸ். அவன் திரும்பி வருவதற்குள் பந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் இரண்டு தடவை, ஆட்டம் தொடங்குமுன்பே கோட்டைத் தாண்டிக் குதித்து அபராதம்.

“ரூல் புக்ல பன்னண்டாம் பக்கம். அவனுக்கு யாராவது படிச்சுக் காட்டுங்கோ” என்றார் நாகு. பின்வரிசைக்காரர்களுக்கும் இங்கிலீஷில் ஒரு தடவை சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

24 ஆகஸ்ட்

மோசம். எழுத ஒன்றுமில்லை.

10 செப்டம்பர்

நிமிர்ந்து நிமிர்ந்து ஓடுகிறான். குனியடா! குனிந்தால்தானே தள்ள முடியும்? இது எனக்கே தெரிகிறது, கோச் சொல்லித் தர மாட்டாரா? தடுப்பவன் நெஞ்சில் கை வைத்து அலமாரியை நகர்த்துவதுபோல் இவனை நகர்த்திவிட்டுப் போகிறான்.

திரும்பும்போது காரில் நாகு ஆரம்பித்தார். நான் கத்திவிட்டேன். “முதல் வருஷம் யாருக்குங்க எல்லாம் வருது? பொறந்ததுலேர்ந்தே ப்ரொபசரா நீங்க?” என்றேன். பாலகிருஷ்ணன் ரேடியோவைப் போட்டார். பிரெஞ்சுப் பாட்டு. வீடு வரும்வரை மூவரும் அதை ரொம்பப் பிடித்ததுபோல் கேட்டுக்கொண்டு வந்தோம்.

அனுசூயாவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “அந்தப் பையன் விழுந்தா உங்களுக்கு ஏங்க வலிக்குது?”

நானும் ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தேன்.

“நாகு சார்கிட்ட சொல்லித் தொலைங்களேன். படிச்ச படிப்பை யாரும் புடுங்கிட்டுப் போயிட மாட்டாங்க.”

சொல்வது சுலபம். கோர்க்கம் ஒரே ஒரு ஆட்டம் நன்றாக ஆடிவிட்டால் சொல்லிவிடலாம் என்று வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரிகிறது.

23 செப்டம்பர்

பிடித்துவிட்டான்! மூன்றாவது கால்பகுதியில், குனிந்து, சரியான கோணத்தில் போய், குவார்ட்டர்பேக்கை அப்படியே தூக்கித் தரையில் சாத்தினான். நான் குதித்த குதியில் காபி முழுவதும் பாலகிருஷ்ணனின் கோட்டில். இப்போது சொல்லிவிடலாம், இதோ இப்போதே என்று நாகு பக்கம் திரும்புகிறேன், மைதானத்தில் நடுவர் வீசிய அபராதக் கொடி விழுந்து கிடக்கிறது. ஹெல்மெட் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தானாம். செல்லாது.

“உக்காரு மணி” என்றார் நாகு. கனிவாகத்தான் சொன்னார். அது இன்னும் எரிச்சல்.

28 செப்டம்பர்

மாஸ்கோவில் இந்த நாட்டு ஐஸ் ஹாக்கி அணியின் கடைசி ஆட்டம். தொழிற்சாலையில் ஒருவரும் வேலை செய்யவில்லை. ஒரு நாளாவது ஃபுட்பால் பேச்சில்லை, நிம்மதி.

12 அக்டோபர்

கோர்க்கமை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பேப்பரில் இரண்டு வரி.

15 அக்டோபர்

சொல்லிவிட்டேன். நினைத்த மாதிரி இல்லை.

ஆட்டம் முடிந்து நான்தான் ஓட்டிவந்தேன். பக்கத்தில் நாகு, பின்னால் பாலகிருஷ்ணன். இரண்டு தடவை சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் தாங்கவில்லை அவருக்கு.

“சொன்னேனோ இல்லியோ? தகுதி இல்லாதவனைக் கொண்டுவந்து உக்காத்தி வெச்சா இதான் நடக்கும். இவனை விடு. நம்மூர்ல ஒவ்வொரு ஆபீஸ்லயும் இதானே நடக்கறது?”

பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது. உள்ளே திருப்பி நிறுத்தினேன்.

“நானும் அந்த சீட்லதான் வந்தேன் நாகு. பேக்வேர்ட் கிளாஸ் சீட். முதல் வருஷம் கணக்குல ஃபெயில்.”

 பங்க் ஆள் கண்ணாடியைத் தட்டி, எவ்வளவு என்று பிரெஞ்சில் கேட்டான். பின்னாலிருந்து பாலகிருஷ்ணன் பதற்றத்தில், “ரொப்பச் சொல்லுங்க, ரொப்பச் சொல்லுங்க” என்றார். காலையில்தான் ரொப்பியிருந்தேன். அவன் குழாயைச் சொருகி உடனே எடுத்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.

நாகு என் தோளில் கை வைத்தார். “அட, உன்னை யார் சொன்னா? நீ வேற, மணி. நீ எங்கே, அவாள்ளாம் எங்கே?”

எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பேன் இதற்கு! அவர் கோபப்பட்டால் இது, சிரித்தால் அது என்று பதில்கள் தயாராக இருந்தன. கடைசியில், வீட்டு வாசலில் அவர் இறங்கும்போது, “கதவை மெதுவா சாத்துங்க” என்றேன். பெரிய வீரன்!

16 அக்டோபர்

‘அவாள்ளாம்’ – யார்? என்னோடு ஹாஸ்டலில் ஒரே விளக்கில் படித்தவர்களா? என் கடைசித் தம்பியா? அவன் இப்போது பாலிடெக்னிக்கில் அதே சீட்டில்தான் இருக்கிறான். அவர்களிடமிருந்து என்னைத் தனியாகப் பிரித்தெடுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாராம். நான் நன்றி சொல்ல வேண்டுமாம். போய்யா.

29 அக்டோபர்

ஆட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று பாலகிருஷ்ணனிடம் சொன்னேன். “அவர் மனசுல ஒண்ணும் இல்லைங்க மணி” என்றார். ஒன்றும் இல்லை என்பதுதானே பிரச்சினை. யோசித்ததே கிடையாது.

5 நவம்பர்

நேற்று பள்ளிக்கூட ஹாலில் தீபாவளிச் சாப்பாடு. கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு ஜோடி. பெண் பெயர் உஷா, கணவன் கதிரேசன், சிவில் இன்ஜினியர். நாகு அவர்களை என்னிடம் கூட்டிவந்தார். என் வாயில் மைசூர்பாகு.

“இவர்தான் மணிவாசகம். ஜெட் என்ஜின் டிசைன் பண்றார். கோட்டாவில வந்தவர்தான், ஆனா நம்ம யாருக்கும் ஒரு துளி குறைஞ்சவர் இல்லே!”

முகத்தில் அத்தனை பெருமை. நிஜமான பெருமை. தன் சொந்தத் தம்பியை அறிமுகம் செய்வதுபோல. என் முகம் என்ன செய்தது என்றால், சிரித்தது. அதை நினைத்துத்தான் இன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கோட்டு மாட்டுகிற இடத்தில் அந்தக் கதிரேசன் என் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நானும் அந்த சீட்டுதாங்க. வெளிய சொல்லிக்கறதில்லீங்க” என்றார். வந்து இரண்டு வாரம்கூட ஆகாத மனுஷன். அதற்குள் இங்கேயும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிட்டார். யார் கற்றுக்கொடுத்தது? நாகுவின் பேச்சும் என் சிரிப்பும்.

திரும்பி உள்ளே போனேன். நாகு பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்.

“என்னை ஏதோ அதிசயம் மாதிரி நாலு பேருக்குக் காட்டாதீங்க நாகு.”

“பெருமையாத்தானேடா சொன்னேன்!”

“உங்க பெருமை எனக்கு வேணாம். என்னை மாதிரி ஆயிரம் பேர் இருக்காங்க. நீங்க பாத்ததில்ல, அவ்வளவுதான்.”

கரண்டி கையிலேயே நின்றது. ரமா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுசூயாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.  இந்தத் தடவை சிரிக்கவில்லை.

19 நவம்பர்

நாகுவிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. சீசன் முடிந்துவிட்டது. அடுத்த வருஷ டிக்கெட்டைப் பற்றி பாலகிருஷ்ணன் இரண்டு தடவை கேட்டார். பார்க்கலாம் என்றேன். ஆறு வருஷப் பழக்கம். இப்படியே போய்விடுமோ?

7 ஜனவரி 1973

வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். நாகு நடந்து வந்தார். போன் செய்யாமல்.

“ரமா ரெண்டு மாசமா என்னோட சரியாப் பேசலை” என்றார். நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

“நீ சொன்னதை யோசிச்சேன். எங்கே தப்புன்னு இன்னும் முழுசாப் புரியலை மணி. பொய் சொல்ல மாட்டேன்.”

“புரியலைன்னா எதுக்கு வந்தீங்க?”

கோபமாகத்தான் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். தன் காலேஜ் வகுப்பில் முப்பது பேர், அதில் தனக்குத் தெரிந்து அந்த சீட்டில் வந்தவன் ஒருவன், கடைசிவரை அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, பெயர்கூட நினைவில்லை என்றார். அப்புறம் கேட்டார்:

“முதல் வருஷம் ஃபெயில் ஆனப்போ… என்ன பண்ணினே? யார் சொல்லிக் குடுத்தா?”

ஆறு வருஷத்தில் என் படிப்பைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இங்கிலீஷில் பாடம் நடத்தியது புரியவில்லை என்றேன். கணக்கு வரும், கேள்வி என்னவென்று புரியாது. லீவுக்கு ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே கிடந்து, வாய்விட்டு வாசித்து வாசித்துப் படித்தேன். ஃபெயில் என்றால் என்னவென்றே தெரியாமல் அப்பா ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்ததையும் சொன்னேன். நாகு சிரிக்கவில்லை. மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி மீதிப் பனியை அவர் தள்ளினார். மோசமாகத் தள்ளினார், பாதியைப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டார். விட்டுவிட்டேன்.

15 பிப்ரவரி

இந்த வருஷத் தேர்வு. மூன்று வருஷம் நன்றாக ஆடிய ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் நாகு போன் செய்தார். வழக்கம்போல் எடை, உயரம், எண்கள். 

“யோசிச்சுப் பாத்தா, அந்த கோர்க்கமுக்கு இன்னும் ஒரு வருஷம் குடுத்திருக்கலாம் மணி” என்றார். எவ்வளவு கஷ்டப்பட்டு அதைச் சொன்னார் என்று குரலிலேயே தெரிந்தது.

“வேணாம் நாகு. அவனுக்கு ஆட வரலை” என்றேன்.

சொன்ன பிறகு மனது லேசாக இருந்தது. ஒரு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். சனிக்கிழமை கதிரேசனும் உஷாவும் சாப்பிட வருகிறார்கள், நீங்களும் ரமாவும் வாருங்கள் என்றேன். வருகிறார்களாம்.