துணியில் இருக்கும் முகம்

அன்பு அக்கா,

உன் குழந்தையின் படம் வந்தது. அம்மா உடனே ஒளித்துவிட்டாள். கட்சித் துணியில் அச்சடித்த எம்.பி. கலோங்காவின் அதே காதுகள்! இனி ஊருக்குக் காது குத்த முடியாது.

இன்று அவருடைய தேர்தல் கூட்டத்தில் அந்தத் துணியை இடுப்பில் கட்டி ஆடினோம். அவர் முகம் என் பின்புறம் வரும்படி கட்டியிருந்தேன். அம்மா அவிழ்த்துத் திருப்பிக் கட்டினாள்.

"நம்ம ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டினவருடீ. வீட்டு விஷயத்த ஓட்டுல கலக்காத."

"அப்ப பிரசவத்துக்கு அக்காவ ஏன்மா அவ்ளோ தூரம் லிலாங்வேக்கு அனுப்பின?"

அம்மா முரசுக்கு இன்னும் வேகமாக ஆடினாள்.

ஆட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "எங்க வீட்டுல உங்க அக்கா பார்த்த வேலை காலியாத்தான் இருக்கு. நீ வர்றியா, பாப்பா?"

அம்மா சிரித்தாள். ஆனால் அப்போது என் வலது கையைப் பிடித்தவள் வீடு வந்தும் விடவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னித்துவிடு.

உன் வாலுத் தங்கை