முப்பத்தைந்து கெஜக் கோடு

கொடியில் இளஞ்சிவப்புப் பனியன் ஒன்று காய்கிறது. என் பேத்தியுடையது. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். உதறிப் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுகிற துணிதான், ஆனாலும் பக்கத்தில் போனால் ஒரு வாடை வருகிறது. வேர்வையும் ரப்பரும் கலந்த வாடை. என் சைக்கிள் கடையில் உன் பந்தின் பிளாடருக்குப் பஞ்சர் ஒட்டும்போது வருமே, அதே வாடை. எடுக்கப் போன துண்டை மறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

பனியனின் முதுகில் ஒரு ஆட்டக்காரரின் பெயர் இருக்கிறது. உலகமே கொண்டாடுகிற ஆளாம். ஐரோப்பாவில் ஆட வேண்டியதையெல்லாம் ஆடி முடித்துவிட்டு, கடைசிக் காலத்தில் அமெரிக்காவில் போய் ஆடுகிறாராம். மைதானம் நிரம்பி வழிகிறதாம். பேத்தி சொல்லச் சொல்ல எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் உன் மேல் கோபம் வந்தது. இதே கதையைத்தானே நீ எனக்குச் சொன்னாய்? அப்போது வேறு ஆட்டக்காரர்கள், வேறு பனியன். மற்றபடி ஒரு எழுத்துகூட மாறவில்லை. நீ சொன்னதை நம்பித்தான் எல்லாம் கெட்டது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் நீ சொன்னது சரி போலவும் இருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கலாமென்றால் நீ துபாய் மண்ணில் படுத்துக்கொண்டிருக்கிறாய்.

நீ முதல் தடவை லீவில் வந்திருந்தபோது நடந்தது இது. எண்பதுகளின் தொடக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, லப்பைக்குடிக்காட்டில் உன் வீட்டுக் கூடத்தில் டிவியும் டெக்கும் வைத்து எங்களையெல்லாம் உட்கார வைத்தாய். நானும் அரியலூரிலிருந்து நம் டீம் ஆட்கள் நாலைந்து பேரும் பஸ் பிடித்து வந்திருந்தோம். ஏதோ சினிமா போடப் போகிறாய் என்று பார்த்தால் கால்பந்து. துபாயில் உன் அறையில் இருந்த யாரோ டிவியிலிருந்து பிடித்த கேசட். அமெரிக்காவின் தொழில்முறை லீக் ஆட்டம்.

ஆட்டம் சமனில் முடிந்தது. இனி பெனால்டிதானே என்று நான் கால் நீட்டினேன். ஆனால் அங்கே நடந்தது வேறு. கோலுக்கு ரொம்ப தூரத்தில், முப்பத்தைந்து கெஜக் கோட்டில் பந்தை வைத்தார்கள். ஒருவன் அதைத் தட்டிக்கொண்டு தனியாக ஓடி வருகிறான். கோல் கீப்பர் கம்பத்தை விட்டு அவனை நோக்கி ஓடுகிறான். ஐந்து வினாடிக்குள் அவன் அடித்தாக வேண்டும். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டோம். நான் கோல் கீப்பர் ஆயிற்றே, எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

"இதாண்டா இனிமே உலகத்துக்கே முறை," என்றாய். "அமெரிக்காக்காரன் ஒன்னக் கையில எடுத்தான்னா, அப்பறம் எல்லாரும் அவன் பின்னாலதான் போவணும். பத்தே வருஷம். அவன் ஊர்ல வேற ஆட்டமே இருக்காது பாரு."

"அவன் ஊர்ல ஃபுட்பால்னா பந்தக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுறதாம்டா, மாப்ள. பேப்பர்ல போட்டிருந்தான்," என்றேன்.

"அதான் சொல்றேன். ஓடி ஓடிச் சலிச்சுப் போயிருப்பான்."

சாய்வு நாற்காலியிலிருந்து உன் அத்தா ஒரே வார்த்தையில் முடித்தார். "அவன் என்னாத்தையோ ஆடிட்டுப் போறான். நீ விசா தேதியப் பாரு."

உனக்கு விசா தேதியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அது எனக்கு மட்டும் தெரியும். நீ துபாயில் இருந்தபோது பிறந்த மகள், நீ வந்து இறங்கிய அன்று உன்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். யாரோ அந்நிய ஆள் தூக்குகிறான் என்று. அதை நீ என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் ஒரே நாளில் மூன்று தரம் சொன்னாய். அந்தச் சமயத்தில்தான் நம் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் கால்பந்து டீம் சேர்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. கோடைப் போட்டியில் ஜெயிக்கிற டீமின் கேப்டனுக்கு வேலை நிச்சயம் என்று ஆலையின் வெல்ஃபேர் அதிகாரியே சொல்லியிருந்தார். நம் டீமுக்கு நீதானே கேப்டன். உன் வீட்டுக்காரம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, அந்த வேல கெடச்சுட்டா இவங்க திரும்பப் போவ வேண்டாம்ல?"

"போவ வேண்டாம்மா," என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு இப்போதும் முட்டி வலிக்கிறது. அரியலூருக்கு வெளியே புல் முளைக்காத பொட்டல்தான் நமக்கு மைதானம். கோல் கம்பத்துக்கு இரண்டு சுண்ணாம்புக் கல். அந்த ஊரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? கூடையில் தூள் அள்ளி வந்து, முப்பத்தைந்து கெஜத்தில் நீ ஒரு கோடு போட்டாய். தினமும் காற்று அழிக்கும், தினமும் நீ போடுவாய். ஒவ்வொருத்தனாக அங்கிருந்து ஓடி வருவீர்கள். நான் இரண்டு கல்லுக்கு நடுவே நட்டு வைத்தது போல நிற்பேன்.

"முன்னால வாடா! அங்கயே நின்னா கோல் பெருசாத் தெரியும் அவனுக்கு. முன்னால வா!"

எனக்கு முன்னால் வருவதென்றால் பயம். ஓடி வருகிறவனின் பூட்ஸ் நேரே முகத்துக்கு வரும். நீ விடவில்லை. திட்டினாய், கெஞ்சினாய், ஒருநாள் என் இடத்தில் நீயே நின்று காட்டி உதட்டைக் கிழித்துக்கொண்டாய். கடைசியில் எப்படியோ என் கால் பழகிவிட்டது.

பழைய பெனால்டியையும் நாலு தரம் அடித்துப் பார்ப்போமே என்று டீமில் ஒருத்தன் சொன்னான். நீ அவனை ஏற இறங்கப் பார்த்தாய். "செத்துப் போன முறைய எதுக்குடா பழகணும்? உலகம் மாறிப் போச்சுடா." நாங்களும் தலையாட்டினோம். எங்களுக்கு அமெரிக்காவும் தெரியாது, உலகமும் தெரியாது. உன்னைத் தெரியும். உன் கேசட்டைக் கண்ணால் பார்த்திருந்தோம். அது போதாதா?

இறுதி ஆட்டம் திருமானூர் டீமோடு. திருச்சியிலிருந்து ரெஃபரி வந்திருந்தார். சமன். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், இதற்குத்தானே காத்திருந்தோம் என்று. நீ பந்தை எடுத்துக்கொண்டு கோலுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தாய். ரெஃபரி விசில் ஊதி உன்னைக் கூப்பிட்டார்.

"எங்கப்பா பந்தத் தூக்கிட்டுப் போற? இங்க வை."

"சார், அது பழைய முறைங்க. இப்ப முப்பத்தஞ்சு கெஜத்துலேருந்துதாங்க. அமெரிக்காவுல எல்லாம்..."

"இது அரியலூரு. பந்த வை."

சனம் சிரித்தது. திருமானூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போய் நின்றாய். பிறகு நடந்ததெல்லாம் நம் டீமுக்குப் பழக்கமில்லாத ஆட்டம். நான் என்னை அறியாமல் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓடி ஓடி ரெஃபரியிடம் பேச்சு வாங்கினேன். கடைசி அடி உன்னுடையது. அது விழுந்தால் ஆட்டம் தொடரும், விழாவிட்டால் கதை முடிந்தது.

நீ ஓடி வந்தாய். அடிப்பாய் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பந்தை மெதுவாக முன்னால் ஒரு தட்டுத் தட்டினாய். கோடை முழுக்கப் பழகிய கால் அல்லவா? அது தன் பாட்டுக்குச் செய்தது. திருமானூர் கீப்பர் திகைத்து நிற்க, அவனைச் சுற்றிக்கொண்டு போய், அழகாக, அவசரமே இல்லாமல், பந்தை உள்ளே தள்ளினாய். வலை அசைந்தது. நீ இரண்டு கையையும் தூக்கினாய். அப்போதுதான் விசில். பெனால்டியில் ஒருவன் பந்தை இரண்டாவது தரம் தொடக் கூடாது என்பது அங்கே பந்து பொறுக்கிப் போடுகிற பொடியனுக்குக்கூடத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் உன் காலுக்குத் தெரியவில்லை.

ஆலை அதிகாரி நல்ல மனிதர். உன் தோளில் கை போட்டு, "நல்லா ஆடுறப்பா, ஆனா வேல ஜெயிச்ச டீமுக்குத்தானே?" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உன்னை வழியனுப்ப வந்தேன். அதற்குள் உன் மகள் உன்னை அத்தா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். உன் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு நீ என்னைக் கிட்டே கூப்பிட்டாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னது இதுதான். "நான் போட்டது கோல்தாண்டா. அவன் விசில் ஊதுனான், அவ்வளவுதான்."

அதற்கப்புறம் எனக்குக் குழப்பம்தான். நீ போய்க் கொஞ்ச காலத்துக்கெல்லாம் டீக்கடைப் பேப்பரில் ஒரு மூலையில் செய்தி. அமெரிக்காவின் அந்த லீகையே மூடிவிட்டார்களாம். நாலு வரிதான். ஒருத்தன் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட விஷயத்துக்கு நாலே வரியா என்று ஆத்திரம் வந்தது. நீ ஏமாந்தாய் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் ஒரு உலகக் கோப்பையையே அங்கே நடத்தினார்கள். அப்போது அவர்களுக்கென்று பெரிய லீக் ஒன்றுகூடக் கிடையாது. வீடு கட்டாமலே கிரகப்பிரவேசம்! நீ துபாயிலிருந்து போன் போட்டுக் கத்தினாய். பிறகு புது லீக் வந்தது. "மாப்ள, ஓட்டம் திரும்ப வந்துடுச்சுடா, அதே முப்பத்தஞ்சு கெஜம்!" என்று மறுபடி போன். கொஞ்ச வருஷத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு நீ போன் போடவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் வந்தாய், ஒவ்வொரு லீவிலும் அடுத்த வருஷம் வந்துவிடுவேன் என்றாய். போன நோன்புக்கு முன்னால் நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

நேற்று பேத்தியிடம் கேட்டேன். "உங்க ஊர்ல இந்த ஆட்டம்தான் இப்ப நம்பர் ஒன்னா?"

"நோ தாத்தா. கையால ஆடுற ஃபுட்பால்தான் நம்பர் ஒன். ஆனா என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சாக்கர்தான் ஆடுறோம்."

"எல்லாரும் ஆடுறீங்க, ஆனா நம்பர் ஒன் இல்லையா?"

"ஆமா."

"அப்ப நீங்கள்லாம் பெரியவங்களானா அது நம்பர் ஒன் ஆயிடுமா?"

"ஐ டோன்ட் நோ, தாத்தா. ஆனா உலகக் கோப்பை மறுபடியும் எங்க ஊர்லதான். டிக்கெட்டே கிடைக்கல."

பெண் பிள்ளைகள் ஆடுவார்கள் என்று நீ சொல்லவே இல்லையே! உனக்கே தோன்றியிருக்காது. பத்து வருஷம் என்றாய், நாற்பதைத் தாண்டியும் குழந்தை ஐ டோன்ட் நோ என்கிறது. இதில் நீ ஜெயித்தாயா, தோற்றாயா? நீ அந்தக் கேசட்டைக் கொண்டு வராமல் இருந்திருந்தால், சாதாரணமாக ஓங்கி ஒரு அடி அடித்திருப்பாய். இங்கேயே இருந்திருப்பாய். உன் மகள் உன் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருப்பாள். ஆனால் அந்தக் கேசட் இல்லாவிட்டால் நமக்கு அப்படி ஒரு கோடை இருந்திருக்குமா? இதை எப்படிக் கணக்கு முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் உன் மகள் வந்தாள். பேத்தி ஊருக்குக் கிளம்புகிறாள் என்று ஜெயங்கொண்டம் முந்திரி கொண்டு வந்தாள். உன் மூக்கு, உன் நடை. நாங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காலி மனையில் நின்றுகொண்டிருந்தோம். நான் பேத்தியிடம் அந்தப் பழைய ஓட்டத்தைப் பற்றிச் சொல்லி, காலால் மண்ணில் ஒரு கோடும் கிழித்திருந்தேன். "ஏன் இத நிறுத்துனாங்க? இதுதான் சூப்பரா இருக்கே!" என்றாள் பேத்தி. எனக்கு எப்படித் தெரியும்?

அவள் கோட்டிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் இரண்டு செங்கலுக்கு நடுவே நின்றேன். நிற்கத்தான் நினைத்தேன். நான் கேட்காமலே என் கிழட்டுக் கால் முன்னால் போய்விட்டது. இத்தனை வருஷமாகப் பயம் வந்தபோதெல்லாம் அது அப்படித்தான் போயிருக்கிறது. கடனோ, ஆஸ்பத்திரியோ, மகளை முதல்முதலாகப் பிளேனில் ஏற்றியதோ, எதுவானாலும் பின்னால் நிற்கவில்லை. நீ கொடுத்ததில் இது ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

"மாமா, அத்தா இப்படித்தான் ஓடுவாங்களா?" உன் மகள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் உன் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லையே. உன்னை லீவில் மட்டும்தானே பார்த்தாள்.

"இப்படியேதாம்மா," என்றேன்.

பேத்தி என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். பந்தைப் பிடிக்கத் திரும்பிய நான் மண்ணில் விழுந்தேன். அவள் அவசரமே இல்லாமல் பந்தை உள்ளே தள்ளினாள். உன் மகள் கைதட்டிக்கொண்டு "கோல்! கோல்!" என்று கத்தினாள். நான் மண்ணில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டேன். விசில் ஊத யாரும் இல்லை.