மேற்பார்வையில் ஆறு மீன்கள்

ஜூன் 3, செவ்வாய்

போன மாதமே தண்ணீர் நிரப்பித் தயார் செய்த தொட்டியில் இன்று மீன் விட்டாயிற்று. ஆறு. விரல் நீளம்தான், உடம்பில் சிவப்புக் கோடு. "உங்களுக்குப் பொழுது போகுமேன்னுதான்" என்று இவரிடம் சொன்னேன்.

உண்மைக் காரணம் இங்கே மட்டும். முப்பது வருஷம் ஆலையில் மேற்பார்வை பார்த்த மனுஷன், ஓய்வு பெற்றதிலிருந்து என் தையலை மேற்பார்வை பார்க்கிறார். "நூலை ஏன் இப்படி வீணாக்குற?" நேற்று தைத்த சட்டையை வாங்க வந்தவர் முன்னாலேயே காலர் சரியில்லை என்றார்! இப்படியே போனால் ஒன்று மெஷினை விற்க வேண்டும், இல்லை இவரை. மெஷின் நல்ல மெஷின்.

ஜூன் 4

மீன்கள் செடிக்குப் பின்னால். ஒரு வால்கூட வெளியே இல்லை. இவர் மூக்கைக் கண்ணாடியில் வைத்துக் காத்திருக்கிறார். நான் நிம்மதியாக இரண்டு சட்டை தைத்தேன். ஆஹா!

ஜூன் 5

கண்ணாடியைத் தட்டுகிறார். டக் டக். "வெளிய வாங்கப்பா, என்ன கூச்சம்?"

கூச்சமாம்! அந்த மீசையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் நானும்தான் ஒளிவேன்.

ஜூன் 7

கெட்டது குடி. நான் கடைக்குப் போன நேரத்தில் செடி, பானை, கல் எல்லாவற்றையும் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டார். "ஆலையில இப்படித்தான். மறைவு இருந்தா ஆளுங்க போய்த் தூங்கிடுவாங்க."

மீன் என்ன சம்பளமா வாங்குது?

ஆறும் வெளுத்துப்போய்க் காற்றுக்குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. தீனி தொடவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளிய வரலேன்னா கடையிலயே குடுத்துடலாம், பாவம்" என்றார். சொல்லிவிட்டு என் மெஷின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மீன் போனால் மறுபடி என் காலர்தான்.

ஜூன் 9

மீன்கடைக்காரரிடம் ஓடினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"செடியெல்லாம் திரும்ப வைங்கம்மா. பின்னாடி கறுப்புத் தாள் ஒட்டுங்க. ஒளிய இடம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அதுங்க தைரியமா வெளிய வரும். யாரும் கிட்டப் போகாதீங்க. தூரமா, பேசாம உக்காந்து பாருங்க."

"மெஷின் சத்தம்?"

"தினம் கேக்குற சத்தம் பழகிடும். திடீர்னு கத்தினாத்தான் பயம்."

எங்கள் கூடத்தில் தொட்டி தெரிகிற மாதிரி தூரமாக உட்கார ஒரே ஓர் இடம்தான். என் மெஷின் பக்கத்தில்! என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழி நெடுக யோசித்தேன். அதுகள் வெளுத்து நின்ற நிற்பு கண்ணிலேயே நின்றது. வீட்டுக்கு வந்ததும் சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 10

செடி, பானை எல்லாம் திரும்பத் தொட்டிக்குள். நாற்காலியும் வந்துவிட்டது. என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி. துணியைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"உஷ்," என்றேன். "மீன்."

மூடிக்கொண்டார்! இத்தனை வருஷம் இந்த ஒரு சொல் எனக்குத் தோன்றவில்லையே.

ஜூன் 11

உஷ் சொல்லிச் சொல்லி எனக்கே உதடு வலிக்கிறது. தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறேன். பாவம்தான். ஆனால் என்ன ருசி!

ஜூன் 14

வந்துவிட்டன!

பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பானைக்கு வெளியே ஒரு சிவப்புக் கோடு. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஆறும்.

"ஆலையில நான் உள்ள வந்தாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க," என்று ரகசியமாகச் சொன்னார். "இதுங்களாவது நான் இருக்கும்போது வெளிய வந்துச்சே."

இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டனைத் தப்பான பக்கத்தில் தைத்தேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 20

மீன்கள் இப்போது கண்ணாடி ஓரம்வரை வந்து உலாவுகின்றன. இன்று ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். இவர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடுகூட அசையாமல் சொன்னார்: "அந்தக் கை மடிப்பு கோணுது."

வந்ததே கோபம்! மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

"உஷ்," என்றார். "மீன்."

பிரித்துத் தைத்துவிட்டேன். கோணல்தான்.