வலைப்பந்தும் வல்லாரைச் சம்பலும்

பொகவந்தலாவை

அன்பு மகன் கிஷாந்துக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயாவது அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் எனக்கு அழுகை முந்துகிறது, நீயும் வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும் கணேசமூர்த்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உனக்கும் இரத்தத்தில் சீனி கூடி இந்தச் சீனி வருத்தம் வந்திருப்பதை அவன்தான் சொன்னான், அவன் மேல் கோபப்படாதே. இந்த வயதில் உனக்கு இது வரலாமா என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

நம் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு அத்தை இறந்ததை மட்டும்தான் உன்னிடம் சொன்னேன், எப்படிப் போனாள் என்று சொல்லவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரே கிளினிக்கில்தான் இந்த வருத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். தினமும் நடங்கள், கோதுமை ரொட்டியையும் பேக்கரிப் பாணையும் சீனித் தேத்தண்ணியையும் குறையுங்கள் என்றார் நர்ஸ். வெளியே வந்ததும் அத்தை, காலம் பூரா தேயிலைக் கூடையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறுனவங்களப் பாத்து நடக்கச் சொல்றாங்களே பூரணி என்று சிரித்தாள். ஆனாலும் பயம் இருந்தது. வேலை முடிந்த பிறகு இரண்டு பேரும் பேக்டரிப் பாதை வளைகிற முடக்கு வரைக்கும் பனிமூட்டத்துக்குள் வாய் பேசாமல் நடந்து திரும்பினோம். உப்பில்லாமல் அவித்த வல்லாரைக் கீரையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினோம். இது சாப்பாடா தண்டனையா, சாகுற வரைக்கும் இப்படியேவா என்று தட்டைத் தள்ளிவைப்பாள். மழை பிடித்தது. முதலில் அவள் முழங்கால் வலிக்குது என்றாள், பிறகு நான் பாதை வழுக்குது என்றேன், அத்தோடு நடை நின்றது. ரொட்டியும் சீனியும் தானாகத் திரும்பி வந்துவிட்டன.

அந்த நேரத்தில்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து நிலக்ஷி டீச்சர், அம்மாமாரும் பின்னேரத்தில் வலைப்பந்து விளையாட வாங்க என்று கூப்பிட்டார். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பந்து என் பக்கம் வந்தது, எறிந்த வேகத்தில் நானே சேற்றில் விழுந்தேன், எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் அடக்க முடியாத சிரிப்பு. அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, கொழுந்து நிறுத்துப் போட்டதும் கால் தானாக மைதானத்துக்குத் திரும்பும். ஆடி முடித்துப் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பங்குபோட்டுச் சாப்பிடுவோம். ஒரு நாள் யாரோ வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் போட்டுச் சம்பல் கொண்டுவந்தார்கள், கூடவே கேழ்வரகுக் குரக்கன் ரொட்டி. விரலை நக்கிச் சாப்பிட்டேன். அழுதுகொண்டு விழுங்கின அதே இலைதான் தம்பி. அத்தையையும் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பின்னேரம் வளையக் கம்பத்துக்குக் கீழே நின்று வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்டு, இவ்வளவு நாளா இது தெரியாமப் போச்சே என்றாள்.

மூன்றாம் நாள் வரவில்லை. காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகியிருந்ததை யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் விழாதே, சம்பளம் போய்விடுமே என்று. அவள் வீட்டுக்காரர் அழகன் மாமா பார்த்தபோது கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், வீட்டுக்கு வந்தாள், காய்ச்சல் விடவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதோடு எங்கள் விளையாட்டும் நின்றது. யாருக்கும் அந்தக் கம்பத்தைப் பார்க்க மனமில்லை. நான் மறுபடியும் கோதுமை ரொட்டியும் சீனித் தேத்தண்ணியுமாகக் கிடந்தேன், கண்ணும் மங்கத் தொடங்கியது. ஒரு நாள் அழகன் மாமா வாசலில் வந்து நின்றார். ஏன் தங்கச்சி விளையாடப் போறதில்ல, அவ ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் கேட்டுக்கிட்டிருந்தா, நீங்க போடுற சத்தம் கேட்டா எனக்கும் இந்தக் காம்பராவுல ஆளு இருக்க மாதிரி இருக்கும் என்றார். மறுநாள் வீடு வீடாகப் போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் ஒருவரும் சத்தம் போடவில்லை. இப்போது போடுகிறோம். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கண் தெளியவில்லை. சிரித்துவிட்டு வந்து அவள் கதவைத் தாண்டும்போது இன்னமும் அவளைக் கூப்பிட வாயெடுத்துவிடுகிறேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ அங்கே ஜிம்மில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டாயாம். பயத்தில் தொடங்கினது எங்களுக்கு ஒரு மழை வரைக்கும்தான் தாங்கியது தம்பி. நீங்கள் தங்கியிருக்கும் கேம்ப்புக்குப் பின்னால் பையன்கள் வெள்ளிக்கிழமைகளில் வொலிபோல் அடிக்கிறார்களாமே. இருட்டின பிறகும் மைதானத்தை விட்டு வராதவன் நீ, அங்கே போய் நில். குரக்கன் மாவு அனுப்பியிருக்கிறேன், தேங்காயும் பச்சை மிளகாயும் போட்டுச் சுடு, அறையில் இருக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடு. ருசியில்லாமல் எதையும் செய்து உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாதே. கால் சப்பாத்தைக் கழற்றினதும் பாதத்தைத் திருப்பிப் பார், ஒரு கீறல் இருந்தாலும் மறைக்காதே.

மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. இனி போன் எடுக்கும்போது நல்லா இருக்கேம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய், அதைச் சொல். எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
சி. பூரணி