நீ மொழிபெயர்த்துக் கொடுத்த விடுப்பு

இன்று காலை கம்பெனியின் குழந்தைகள் அறையில் கேப்பைக் கஞ்சி தீய்ந்துவிட்டது. வாசனை லைன் வரைக்கும் வந்து, வயர்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைச் சுருக்கினார்கள். நான் மட்டும் சிரித்தேன். சூப்பர்வைசர் காரணமில்லாமல் சிரிக்க மாட்டாளே என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் நீதான். அந்த அறை திறந்த முதல் நாள், ஆயா வரவில்லை என்று நீயே அடுப்பில் கஞ்சி வைத்தாய். பாதிக் கிளறலில் ஜப்பான் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "தோ, ரெண்டு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்" என்று போனாய். நீ வருவதற்குள் கஞ்சி கரியாகிவிட்டது. உன் மகளும் என் மகனும் அன்று பிஸ்கட் தின்று பசியாறினார்கள்.

நீ போன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று பல முறை நினைத்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது வேலை வந்துவிடும். இன்று ஷிப்ட் முடிந்து வந்ததும், கைகால் கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் கம்பெனி பஸ் ஏறும் இடத்தில்தான் உன்னை முதலில் பார்த்தது. நான் காணையிலிருந்து வருவேன், நீ வளவனூரிலிருந்து. நான் லைனில் டேப் சுற்றுகிறவள், நீ மேலாளருக்கு மொழிபெயர்ப்பாளர். ஆபீஸ் பெண்கள் முன்சீட்டிலும் நாங்கள் பின்சீட்டிலும் உட்காருவது வழக்கம். நீ நேராகப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். வணக்கம்கூடச் சொல்லாமல், "டேப்பு முனை ஒட்டாம தூக்கிக்கினு நின்னா அத உங்க லைன்ல இன்னான்னு சொல்வீங்க?" என்று கேட்டாய்.

"கொடி பறக்குதுன்னு சொல்வோம்."

அன்று மதியம் மேலாளர் லைனுக்கு வந்தார். ஒரு வயரின் முனையைக் காட்டி, "கொடி" என்று தமிழில் சொன்னார். லைனே சிரித்தது. அதன் பிறகு தினமும் பஸ்ஸில் நான் உனக்கு லைன் வார்த்தைகள் சொல்வேன், நீ எனக்கு ஜப்பான் வார்த்தைகள் சொல்வாய். நடுவில் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம் இருக்கும், இறங்கும்போது மடியெல்லாம் கடலைத் தோல்.

ஜப்பான் பாஷை எப்படிப் படித்தாய் என்று கேட்டதற்கு நீ சொன்னதை இன்றும் எல்லோரிடமும் சொல்வேன். "பாண்டியில இங்கிலீஷ் கிளாஸ் சேரப் போனேன். அங்க உக்கார எடமில்ல. பக்கத்து ரூம்ல ஃபேன் ஓடிக்கினு இருந்துச்சு, ஆளே இல்ல. போயி உக்காந்துட்டேன்." அந்த மொழியும் நம் மொழி போலத்தான், வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பாய். "கடைசி வார்த்த வரைக்கும் சொல்லணும்டி. பாதியில முழுங்கினா, போறியா போகலையான்னே தெரியாது." பெரியவர்கள் முன்னால் பாதி வாக்கியத்தை முழுங்குவது என் பழக்கம். அதைத்தான் குத்திக் காட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

அப்போது நம் கம்பெனியில் ஒரு நடைமுறை இருந்தது. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் எச்.ஆர். அதிகாரி கூப்பிடுவார். "போயிட்டு, புள்ள பொறந்தப்புறம் வாம்மா. புதுசா சேத்துக்கறோம்" என்பார். நல்ல மனிதர் போலத்தான் சொல்வார். அவளும் தானே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் புது ஆள், தொடக்கச் சம்பளம். பேறுகால விடுப்பு ஆறு மாதம் உண்டு என்பதும், அந்தச் சம்பளம் எங்களுக்கு இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும் என்பதும், கம்பெனி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியதே இல்லை என்பதும் எங்களில் சிலருக்குத் தெரியும். கம்பெனி செய்ய வேண்டியதெல்லாம் அவள் இடத்தைக் காத்து வைத்திருப்பதுதான். அதைத்தான் செய்ய மனமில்லை. கேட்கவும் ஆளில்லை.

நான் உண்டானபோது பஸ்ஸில் உன்னிடம்தான் முதலில் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "வர்ற மாசம் எழுதிக் குடுத்துட்டு நின்னுடுவேன்" என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீயா நிக்கிறியா, நிக்க வெக்கிறாங்களா?"

"ரெண்டும் ஒன்னுதானே."

"ஒன்னு இல்லடி. 'இவங்க ஊரு வழக்கம் சார், அவங்களே நின்னுடுவாங்க'ன்னு எச்.ஆர். சொல்லுவாரு. நான் அத அப்டியே மேனேஜருக்குச் சொல்லிக்கினு இருக்கேன். அந்தாளும் நம்பிக்கினு இருக்காரு."

வீட்டிலும் எனக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாமியார் வேலையை விடச் சொன்னார். என் வீட்டுக்காரர் கரும்பு லோடு ஓட்டுகிறவர். பேச்சு ஆரம்பித்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கோ அந்த வேலை பிடிக்கும். கை ஓடும் வேகமும், ஒட்டிய டேப்பைத் தடவினால் விரலில் எதுவும் தட்டுப்படாமல் போவதும் பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சம்பளத்துக்காகத்தான் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள். மேலாளர் அறையில் அவர், எச்.ஆர். அதிகாரி, நீ, நான். அதிகாரி உன்னிடம், "இந்தப் பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்க, அதுவே நின்னுடுதுன்னு சொல்லும்மா" என்றார்.

நீ மேலாளர் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினாய். "நீ நின்னுடறியா? உன் வாயால சொல்லு, நான் அவருக்குச் சொல்றேன்."

அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல சார், லீவு குடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து முழுங்கினேன். நீ காத்திருந்தாய். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வேறு வழியில்லாமல் போனது. "நான் நிக்கல சார். சட்டப்படி எனக்கு சம்பளத்தோட லீவு வேணும். புள்ள பெத்துட்டு என் எடத்துக்கே திரும்பி வருவேன்."

நீ சொன்னாய். நிதானமாக, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். மேலாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நீ அதை என்னிடம் சொன்னாய்: "இதுக்கு முன்னாடி போனவங்க எல்லாரும் அவங்களாத்தான் போனாங்களான்னு கேக்கறாரு."

"அனுப்பிச்சாங்க சார்," என்றேன்.

எச்.ஆர். அதிகாரி கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார். மேலாளர் அவரைத் திட்டவில்லை. தன் கதை ஒன்றைச் சொன்னார். அவர் நாட்டில் பிள்ளை வளர்க்க அப்பாவுக்கும் விடுப்பு உண்டாம். சம்பளத்தில் ஒரு பங்கும் வருமாம். சட்டம் இருந்தும் ஆண்கள் யாரும் எடுப்பதில்லையாம். இரண்டாவது மகள் பிறந்தபோது அவர் எடுத்தார். பக்கத்து மேஜைக்காரர், "உனக்குப் பால் சுரக்குதா?" என்று கேட்டாராம். இதை மொழிபெயர்க்கும்போது உன் காதெல்லாம் சிவந்துவிட்டது. முதலில் சிரித்தவர் மேலாளர்தான். பிறகு அதிகாரியும் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எனக்கு விடுப்பு கிடைத்தது. மகன் பிறந்தான். ஆறு மாதம் மாதாமாதம் சம்பளம் வந்தது. மாமியார் வேலையை விடு என்று சொல்வதை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில், "எங்க மருமவளுக்கு ஜப்பான்காரன் ஊட்ல உக்கார வெச்சு சம்பளம் தர்றான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இ.எஸ்.ஐ. பணம் என்று எத்தனை சொன்னாலும் ஏற்கமாட்டார். மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதி இன்னொரு விதியும் வாங்கினார். ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் இன்னும் சில மாதம் கம்பெனியே பாதிச் சம்பளம் தரும், ஆண்களுக்கும் உண்டு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் முதலில் எடுத்தார். "உனக்கு எதுக்குய்யா லீவு?" என்று கேலி செய்தவர்களிடம், "நீ வந்து துணி தொவைக்கிறியா? வா," என்றார். அத்துடன் கேலி அடங்கியது.

இதெல்லாம் நடந்து சில வருடம் கழித்து நீ உண்டானாய். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. நீ கம்பெனி ஆளே இல்லை. சென்னையில் ஓர் ஏஜென்சி உன்னை அனுப்பியிருந்தது. விஷயம் தெரிந்ததும் அவர்கள் வேறு மொழிபெயர்ப்பாளரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். லைனில் இருந்த எங்கள் எல்லோருக்கும் உன் வாயால் வந்த விடுப்பு உனக்கு இல்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லேண்டி!" என்று பஸ்ஸில் கத்தினேன்.

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அவரு பேச்ச உங்களுக்கும் உங்க பேச்ச அவருக்கும் சொல்றவ நான். நடுவுல என் கதைய சொருவுனா, நாளைக்கு என்ன யாரு நம்புவாங்க? நான் கேக்க மாட்டேன்."

உன் பிடிவாதம் எனக்குப் பழக்கம். "செரி, நீ கேக்காத. நான் கேக்கறேன்."

"எந்த பாஷைல?"

"தமிழ்லதான். நீதான் அவருக்கு எடுத்துச் சொல்லப்போற. என் பேச்ச சொல்றது உன் வேலதானே?"

என்னை முறைத்தாய். பிறகு, பக்கத்து சீட்டில் தூங்கியவள் எழுந்து உட்காரும்படி சிரித்தாய்.

மறுநாள் டீ இடைவேளையில் மேலாளர் அறைக் கதவைத் தட்டினேன். அவர் உன்னைக் கூப்பிட்டார். நீ வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் சொன்னேன்: "சார், உங்க மொழிபெயர்ப்பாளர் உண்டாகியிருக்காங்க. எங்களுக்கு இருக்கற லீவும் சம்பளமும் அவங்களுக்கு இல்லன்னு ஏஜென்சில சொல்லிட்டாங்க."

நீ அதை ஜப்பான் மொழியில் சொன்னாய். 'நான்' என்று சொல்லாமல் 'அவர்' என்றே சொன்னாய், அந்த அளவுக்கு எனக்கு ஜப்பான் வார்த்தை தெரியும். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல. மேலாளர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரே ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். அதையும் நீ என்னிடம் தமிழில் கேட்டாய். நான் சொன்னேன்: "மத்தவங்க பேச்ச சொல்றதுதான் சார் அவங்க வேல. அவங்க பேச்ச சொல்ல ஆளில்ல. அதான் நான் வந்தேன். அவங்களும் எங்கள மாதிரிதான் சார்."

இந்த முறை பாதியில் உன் குரல் நின்றுவிட்டது. நான் உன் தோளில் கைவைத்து, "கடைசி வார்த்த வரைக்கும் சொல்லுடி" என்றேன். நீ சொன்னாய். 'ஒனாஜி' என்ற சொல் காதில் விழுந்தது. 'அதேதான், ஒரே மாதிரி' என்று அதற்குப் பொருள், பஸ்ஸில் நீதான் சொல்லிக்கொடுத்திருந்தாய். நீ எதையும் விட்டுவிடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. நீ வீட்டுக்குப் போய்விட்டாய். புது மொழிபெயர்ப்பாளரும் வந்துவிட்டார். வளைகாப்பில் உன் கைக்கு வளையல் போட்ட நாள் வரைக்கும் மேலாளர் பக்கமிருந்து ஒரு பதிலும் வந்திருக்கவில்லை. பிறகுதான் உத்தரவு வந்தது. உன் பழைய காலத்தையும் சேர்த்து உன்னைக் கம்பெனி ஆளாக எடுத்துக்கொண்டார்கள். விடுப்பு, சம்பளம், பிறகு பாதிச் சம்பளம், எல்லாம் உண்டு. போனில் சொன்னபோது எல்லாவற்றையும் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாய். கடைசியில், "மேனேஜரு அந்த உத்தரவ தப்பில்லாம எழுதியிருக்காரான்னு பாத்தியா?" என்றாய். அழுதுகொண்டேதான் கேட்டாய்.

மகளைத் தூக்கிக்கொண்டு நீ திரும்பி வந்து, குழந்தைகள் அறை திறந்து, சில நல்ல வருடங்கள் போயின. பிறகு ரத்தத்தில் அந்த நோய். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த கடைசி நாள் நீ சொன்னாய்: "இதுவும் லீவுதாண்டி. இதுக்கும் சம்பளம் கேட்டு வாங்கிக் குடு." நான் சிரித்தேன். கீழே இறங்கி, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மகள் இப்போது வளவனூரில் அப்பாவோடு இருக்கிறாள். லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து என் மகனோடு சண்டை போடுவாள். சண்டையில் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

மேலாளர் ஊருக்குப் போய்விட்டார். புதியவர் வந்திருக்கிறார். சென்ற மாதம், திருவாமாத்தூரிலிருந்து வந்து தரை துடைக்கும் செல்வி, கழிவறைப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் உண்டாகியிருந்தாள், ஒப்பந்தக்காரரின் ஆள். "நின்னுடுன்னு சொல்லிட்டாங்கக்கா" என்றாள். "நீயா நிக்கிறியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தலையாட்டினால் போதாது, வாயால் சொல் என்றேன். சொன்னாள். அவளையும் கூட்டிக்கொண்டு மேலாளரிடம் போனேன். ஒப்பந்தக்காரர் முதலில் அது இது என்று இழுத்தார். புது மேலாளர் அவரைக் கூப்பிட்டு, சட்டம் உங்கள் ஆளுக்கும்தான் என்று சொன்னதும் வழிக்கு வந்தார். போன வாரத்திலிருந்து செல்வி சம்பளத்தோடு விடுப்பில் இருக்கிறாள்.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உனக்குத்தான் உண்மை தெரியும். பயம் என்னை விட்டு எங்கேயும் போகவில்லை. முன்பெல்லாம் கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். இப்போது நான் தட்டி, உள்ளே போய், பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு வெளியே வந்த பிறகுதான் மூச்சிரைக்க வந்து சேருகிறது. அதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.