பச்சைக் கதவு

டி. கல்லுப்பட்டி
12.1.2025

மதிப்புக்குரிய பேராசிரியர் அய்யா அவர்களுக்கு,

சின்னான் எழுதுகிறேன். நானும் மலையம்மாளும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நீங்கள் பணி ஓய்வு பெற்ற செய்தியையும் படத்தையும் பேப்பரில் பார்த்தோம். நின்றுகொண்டு பிடிலைத் தோளில் வைத்திருந்தீர்கள். நாடக செட்டில் ஐந்து வருஷம் நாம் இரண்டு பேரும் சம்மணம் போட்டு, காலில் ஊன்றித்தான் வாசித்தோம். போட்டோக்காரர் கேட்டிருப்பார் என்று மலையம்மாளிடம் சொன்னேன்.

போனில் பேசியிருக்கலாம். போனில் நீங்கள் நன்றாகப் பேசிவிடுவீர்கள், நானும் தலையை ஆட்டிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் தமிழ்வாணி உங்கள் துறையிலேயே ஆராய்ச்சி செய்கிறாள். ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினாள். உங்கள் புத்தகத்தில் 'முச்சந்தி மெட்டு' என்று இருக்கிறதே, அது 1996-இல் அவள் அப்பா போட்ட மெட்டு என்று எழுதியிருந்தாள். பிரசவ வார்டு வராந்தாவில் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மூன்று தடவை கதவு திறந்தது, மூன்று தடவையும் வில்லை நிறுத்தினேன், அதனால்தான் மெட்டில் மூன்று நிறுத்தம் என்பதையும் எழுதினாள். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. 'இது மரபு மெட்டு. சப்பரம் மூன்று சந்திகளில் நிற்கும் தொன்மையான வழக்கத்தைக் குறிப்பது என்று பேராசிரியர் காசிமாயன் நிறுவியுள்ளார். கட்டுரை கூறுவது ஆதாரமற்ற குடும்பக் கதை' என்று மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். இந்தக் கட்டுரை வராமல் அவளால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான். அன்று உங்கள் டேப் ரிக்கார்டர் பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த கேசட் உங்களிடம் இருக்கும். அதில் நர்ஸம்மா குரல் இருக்கும். அதை வாணிக்குக் கொடுத்து உதவ வேண்டும்.

இப்படிக்கு,
சின்னான்


மதுரை
24.1.2025

அன்புள்ள மாப்ள சின்னானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே மனசு எங்கோ போய்விட்டது. 'பேராசிரியர் அய்யா' என்று எழுதியிருந்ததைப் படித்து உன்மேல் கோபமும் வந்தது. நமக்குள் என்னடா அய்யா?

மலையம்மாளை மூட்டு டாக்டரிடம் காட்டினாயா? எனக்கும் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. இடது கையில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. ஓய்வு பெற்ற பிறகு தினம் ஒரு மணி நேரம் வாசிக்கலாம் என்றிருந்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை.

வாணி கட்டுரை விஷயம் வருத்தமாக இருக்கிறது. மதிப்பீட்டாளர் யார் என்பது யாருக்கும் தெரியாது, அது அந்த இதழின் விதி. யாரோ கறாரான ஆள் போலிருக்கிறது. என் ஆய்வின்போது என் நெறியாளர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "போட்டவன் பேரு தெரிஞ்சா அது நாட்டார் இசை இல்லப்பா, சினிமாப் பாட்டு" என்பார். அதனால்தான் அன்று எதற்குமே பெயர் போடவில்லை. நாற்பத்தொரு மெட்டு இருக்கிறது அந்த நூலில். எதன் கீழும் ஆள் பெயர் கிடையாது. உன்னை மட்டும் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

அந்த கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. வீடு மாறியபோது தூக்கிப் போட வேண்டியதாயிற்று. வாணியை 'இம்மெட்டைத் தன் தந்தை போட்டதாகக் குடும்பத்தில் ஒரு வழக்கு உண்டு' என்று மாற்றி எழுதச் சொல். ஏற்றுக்கொள்வார்கள்.

இன்னொரு சேதி. எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு எனக்குப் பாராட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணன் நல்லகாமன்தான் இந்த வருஷம் விழாக் கமிட்டித் தலைவர். என் நூலைப் பார்த்து, பத்து வருஷமாகச் சப்பரத்தை மூன்று சந்தியிலும் நிறுத்தி அந்த மெட்டை வாசிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியுமா?

என்றும் அன்புடன்,
காசி


டி. கல்லுப்பட்டி
3.2.2025

மதிப்புக்குரிய பேராசிரியர் அய்யா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுண்டுவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் சப்பரம் நிற்பது தெரியும். நர்ஸம்மா கதவைத் திறந்ததுக்கு உங்கள் ஊர் சாமி இப்போது மூன்று இடத்தில் நிற்கிறது. மலையம்மாளிடம் சொன்னேன். "ரெட்டப்புள்ளயாப் பெத்திருந்தா நாலு எடத்துல நின்னுருக்குமா?" என்றாள். சிரித்தோம்.

சிரித்துவிட்டு அந்த மதிப்பீட்டுக் குறிப்பை வாங்கி முழுதாகப் படித்தேன். முதல் கடிதம் எழுதும்போது வாணி சொன்னதைத்தான் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'ஒரு பச்சைக் கதவு மூன்று முறை திறந்ததால் ஒரு மரபு பிறந்துவிடாது.'

வாணியின் கட்டுரையில் கதவு என்றுதான் இருக்கிறது. பச்சை என்று இல்லை. நான் அவளிடம் நிறம் சொன்னதே இல்லை. அந்த வார்டையே இடித்துக் கட்டிவிட்டார்கள். அந்த வராந்தாவில் அன்று பெஞ்சில் இருந்தது நாம் இரண்டு பேர்தான்.

இதை வாணியிடம் சொல்லவில்லை. உங்கள் பாடத்தைப் படித்துத்தான் அவள் இந்தத் துறைக்கு வந்தாள்.

'மாப்ள' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது மாப்ள. செக்கானூரணி தாண்டினதும் "ஏ சின்னான், பொட்டிய எடுத்துட்டு வா". உங்கள் ஊரில் இறங்கியதும், வீட்டு வாசலில் எனக்குச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்ட இலையை நானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். நீங்கள் உள்ளே இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பும்போது செக்கானூரணி வந்ததும் மறுபடி மாப்ள. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்களும் என்னைப்போலத்தான் சங்கடப்படுகிறீர்கள் என்று இருந்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். பங்குனிப் பொங்கலில் உங்கள் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். இந்த மெட்டைப் போட்டவன் சின்னான் என்று அங்கே சொல்லுங்கள். மாப்ள என்று சொல்ல வேண்டாம். பெயர் போதும்.

இப்படிக்கு,
சின்னான்


மதுரை
20.2.2025

சின்னான்,

நான்தான் எழுதினேன். கட்டுரையில் பெயரை மறைத்து அனுப்பியிருந்தார்கள், ஆனால் இரண்டாம் பத்தியிலேயே வாணி என்று தெரிந்துவிட்டது. 'இதை மதிப்பிட நான் தகுந்தவன் அல்ல' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்தேன். அந்த நூல் ஐந்து பதிப்பு கண்டுவிட்டது, பாடத்திட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் இரண்டு தடவை அந்த மூன்று நிறுத்தத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நாடக செட்டில் பிடில் வாசித்த பையன் பேராசிரியர் ஆனான் என்று என்னை அறிமுகம் செய்கிற எல்லோரும் அந்த அத்தியாயத்தைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அது போனால் நான் யார் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு எழுதினேன். பச்சை என்று எழுதியது எனக்கே தெரியவில்லை. எழுதும்போது அந்தக் கதவு கண்முன் நின்றிருக்கிறது.

சந்தி, சப்பரம் எல்லாம் நான் கட்டியதுதான். ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு வாரம் இருந்தது. நிறுத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. உன் பெயரையும் வார்டையும் எழுதினால் நெறியாளர் அத்தியாயத்தையே எடுத்துவிடுவார் என்று பயம். அதைவிட, அச்சில் உன் பெயரைப் பார்த்தால் எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயமும் இருந்தது. இதை இப்போதுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

இன்று காலை இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். மதிப்பீட்டாளர் நான்தான் என்றும், அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், கட்டுரை கூறுவது உண்மை, நான் நேரில் கண்டவன் என்றும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஊரிலும் சொல்கிறேன். ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கட்டாயம் சொல்கிறேன்.

காசிமாயன்


மதுரை
10.4.2025

சின்னானுக்கு,

சொல்லவில்லை.

முதல் நாளே அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. அவர் சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "காயிதத்துல எம்புட்டு வேணும்னாலும் எழுதிக்கடா தம்பி, எவன் படிக்கப் போறான். மைக்குல வேணாம். சப்பரம் தூக்குறவன் பாதி வழியில எறக்கி வச்சுட்டுப் போயிட்டான்னா நீயா வந்து தூக்குவ?" என்றார். அப்புறம், "அந்தச் சின்னான் நல்ல பயதான். நம்ம வீட்டுல சாப்புட்டுருக்கான்ல?" என்றார்.

மறுநாள் கழுத்தில் மாலை போட்டார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். மரபு, மண் என்று ஏதோ நாலு வார்த்தை பேசினேன். உன் பெயர் தொண்டை வரை வந்தது என்று எழுதினால் நம்புவாயா என்று தெரியவில்லை. பிறகு மைக்கைச் சட்டையில் மாட்டிவிட்டார்கள், பிடிலை எடுத்தேன். சப்பரம் கிளம்பியது. முதல் சந்தியில் எல்லோரும் நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. இரண்டாவதிலும் நிறுத்தவில்லை. தூக்கியவர்கள் முழித்தார்கள், அண்ணன் கையைக் காட்டினார். மூன்றாவது சந்தியையும் நிறுத்தாமல் வாசித்துக் கடந்துவிட்டேன். நான் கட்டிய பொய்யை அங்கேயாவது வாசிக்கக் கூடாது என்று நினைத்தேன். உன்னிடம் கேட்கும் மன்னிப்பு என்றுதான் அப்படி வாசித்தேன். ஊரில் யாருக்கும் அது புரியவில்லை. "வாத்தியாருக்கு வயசாயிருச்சு" என்று பேசிக்கொண்டார்கள்.

இத்துடன் பதிவுத் தபாலில் கேசட்டை அனுப்புகிறேன். பூஞ்சை பிடித்தது என்று எழுதியது பொய். இருபத்தெட்டு வருஷமாகப் பீரோவில்தான் இருக்கிறது. ஓட்டிக் கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஒரு வரி பதில் எழுது. திட்டியாவது எழுது.

காசி


டி. கல்லுப்பட்டி
29.4.2025

பேராசிரியர் காசிமாயன் அவர்களுக்கு,

கேசட் கிடைத்தது. வாணியின் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக இதழிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் யார் என்பது அந்தக் கடிதத்திலேயே இருந்தது. அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் உட்கார்ந்து கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருத்தினாள். 'மெட்டு: சின்னான். ஒலிப்பதிவு: காசிமாயன்' என்று போட்டிருக்கிறாள். ஏன் தாயீ என்று கேட்டேன். "பதிவு செஞ்சவர் பேர விடக்கூடாதுப்பா, அதான முறை" என்றாள்.

ஏப்ரல் எட்டாம் தேதி நான் வந்திருந்தேன். ஊருக்குள் வரவில்லை. மெயின் ரோட்டு டீக்கடையில் இருந்தேன். மைக்செட் குழாயில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. நீங்கள் பேசி முடித்தபோதுகூட எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அது பழகிவிட்டது. வாசிக்க ஆரம்பித்தீர்கள். விரல் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள், கேட்டால் தெரியவில்லை. மூன்றாவது இடம் வரும்போது நான் எழுந்து நின்றேன். நீங்கள் நிற்காமல் போய்விட்டீர்கள்.

அதை மன்னிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சப்பரம்தான் நீங்கள் கட்டியது. நிறுத்தம் நான் போட்டது. மூன்றாவது நிறுத்தம் என் மகள். பெயரைத்தான் விட்டிருந்தீர்கள். அன்றைக்கு அவளையும் விட்டுவிட்டீர்கள்.

கேசட்டை ஓட்ட எங்கள் ஊரில் பெட்டி இல்லை. மூன்று பேரும் கோரிப்பாளையத்துக்குப் போனோம். தர்கா பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பாய், நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றினார். "உசுரு இருக்குண்ணே, ஆனா ஒரு தடவைதான் தாங்கும்" என்றார். வாணி செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொண்டாள்.

எல்லாம் இருக்கிறது. முதல் தடவை கதவுச் சத்தம். "ஏய், இது ஆசுபத்திரியா, நாடகக் கொட்டகையா?" என்கிறார் நர்ஸம்மா. இரண்டாவது தடவை, "இன்னொருக்க இழுத்தேன்னு வையி, குச்சியப் புடுங்கி அடுப்புல வச்சுருவேன்." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தடவை கதவு திறந்ததும் நான் பாதியில் நிறுத்துகிறேன். "இங்க சின்னான்ங்கிறது யாருப்பா? பொம்பளப்புள்ள" என்கிறார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். மலையம்மாள் வாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு ஆள் சத்தம். பெஞ்சு விழுகிற சத்தத்தோடு, "மாப்ள! மகடா மாப்ள, மக!" என்று அந்த வராந்தாவே அதிரக் கத்துகிறது.

மலையம்மாள் அன்று உள்ளே இருந்தவள், இதையெல்லாம் கேட்டதில்லை. "யாருங்க அது? அம்புட்டுச் சந்தோசமாக் கத்துறாக" என்று என்னைக் கேட்டாள்.

வாணி என் முகத்தைப் பார்த்தாள்.

கூட வந்தவர் ஒருத்தர் என்று சொன்னேன்.

இப்படிக்கு,
சின்னான்